டைரியா, காலண்டரா, கைபேசியா? வீட்டு நாட்களை எதில் எழுதி வைப்பது

டிசம்பர் பிறந்ததும் கடைகளில் டைரிகள் வந்து குவிகின்றன. கையில் இருக்கும் கைபேசியிலோ காசு கொடுக்காமலே ஒரு காலண்டர் இருக்கிறது. சுவரில் ஏற்கெனவே தினசரிக் காலண்டர் ஒன்றும் மாதக் காலண்டர் ஒன்றும் தொங்குகின்றன. இத்தனை இருக்க எதில் எழுதுவது என்று கேட்டால், "உங்களுக்கு எது பிடிக்கிறதோ அதில் எழுதுங்கள்" என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. என்ன எழுதப்போகிறோம், அதைப் பிறகு யார் தேடப்போகிறார்கள் என்று பார்த்தால், இவற்றில் எது உதவும், எது காலை வாரும் என்பது தெளிவாகவே தெரிகிறது.

நான் மனத்தில் வைத்துக்கொண்டு எழுதுவது ஒரு குறிப்பிட்ட வகை வீட்டை. எழுபதைத் தாண்டிய பெற்றோர். வெளியூரிலோ வெளிநாட்டிலோ ஒரு பிள்ளை. உடன் இருந்து எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ளும் இன்னொரு பிள்ளை. சர்க்கரைப் பரிசோதனை, கண் மருத்துவர், பல் மருத்துவர், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்கட்டணம், ஆயுள் காப்பீட்டுத் தவணை, வண்டி இன்ஷூரன்ஸ், தாத்தாவின் திதி, உறவில் ஒரு கல்யாணம். இவை இனி வர வேண்டியவை. ஆனால் அந்த வீட்டில் தினமும் எழும் கேள்விகளைக் கவனியுங்கள்: "இந்த மாத்திரையை எப்போது நிறுத்தச் சொன்னார்கள்?" "மோட்டாருக்குக் கடைசியாகக் காயில் கட்டியது எந்த மாதம்?" "அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நாம் எவ்வளவு மொய் எழுதினோம்?" எல்லாம் நடந்து முடிந்தவற்றைப் பற்றியவை.

சந்திப்புகளுக்குக் கைபேசி, நினைவுகளுக்கு நோட்டு என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளச் சொல்பவர்கள் உண்டு. கேட்பதற்கு நேர்த்தியாக இருக்கிறது. நடைமுறையில் அங்கேதான் நூல் அறுந்துபோகிறது. காலை பத்தரை மணிக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பது காலையில் ஒரு திட்டம். மதியம் ஒரு மணிக்கு அதுவே ஒரு சம்பவம். திட்டம் ஓரிடத்திலும் நடந்தது வேறிடத்திலும் கிடந்தால், ஆறு மாதம் கழித்து இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. ஆகவே என் அளவுகோல் இது: முன்கூட்டி எழுதிய வரியும், அன்று நடந்ததும், அடுத்து வர வேண்டிய தேதியும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றனவா?

முதலில் கைபேசியை எடுத்துக்கொள்வோம். அதற்கு இணையே இல்லாத ஒரு குணம், அது கூப்பிடும். காகிதம் கூப்பிடாது; நாம்தான் அதைத் திறந்து பார்க்க வேண்டும். ஆனால் எப்போது கூப்பிட வேண்டும் என்பதை நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்கக் குறைந்தது எட்டு மணி நேரம் ஒன்றும் சாப்பிட்டிருக்கக் கூடாது. காலை ஏழு மணிக்குப் பரிசோதனை என்று குறித்துவிட்டு, அரை மணி நேரத்துக்கு முன்பு நினைவூட்டல் வந்தால் என்ன பயன்? ஆறு மணிக்கே அப்பா காபி குடித்து முடித்திருப்பார். அந்த நினைவூட்டல் முந்தைய நாள் இரவு உணவு வேளையில் வர வேண்டும். மருத்துவச் சந்திப்பு ஒவ்வொன்றுக்கும் முந்தைய மாலை ஒன்று, கிளம்பும் நேரத்துக்கு ஒன்று என்று இரண்டு நினைவூட்டல்கள் வைப்பது நல்லது. பேட்டரி சேமிப்பு அமைப்பு சில கைபேசிகளில் அறிவிப்புகளைத் தாமதப்படுத்திவிடும். காலண்டர் செயலிக்கு மட்டுமாவது அதிலிருந்து விலக்குக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொரு பெரிய வசதி, பகிர்ந்துகொள்வது. மதுரையில் இருக்கும் அக்கா காலை 10.30 என்று குறித்தால், சிங்கப்பூரில் இருக்கும் தம்பியின் திரையில் அது பகல் 1.00 என்று அவன் ஊர் நேரத்தில் தெரியும். மருத்துவர் பேசும்போது அவனும் வீடியோ அழைப்பில் இருக்கலாம். எந்த டைரியும் இதைச் செய்யாது. கடந்த சில மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் எச்பிஏ1சி பரிசோதனையை ஒருமுறை குறித்துவிட்டால் அது தானே திரும்பத் திரும்ப வருவதும் பெரிய நிம்மதி.

இவ்வளவு இருந்தும் கைபேசிக் காலண்டரை வீட்டின் பதிவேடாக நம்ப என் மனம் ஒப்பவில்லை. காரணம், அதற்கு நடந்ததை மாற்றும் பழக்கம் இருக்கிறது. மருத்துவர் ஊரில் இல்லை, சந்திப்பு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகிறது. விரலால் இழுத்து அடுத்த வாரத்தில் போட்டுவிடுகிறோம். பழைய நாளில் ஒரு சுவடும் இல்லை. மூன்று முறை தள்ளிப்போனாலும் கடைசியாக வைத்த தேதி மட்டுமே கண்ணில் படும். வாராவாரம் வரும் பிசியோதெரபியைச் செவ்வாயிலிருந்து வியாழனுக்கு மாற்றும்போது, கவனக்குறைவாக "எல்லா நிகழ்வுகளும்" என்று தேர்ந்தெடுத்துவிட்டால், கடந்த மாதம் செவ்வாய்க்கிழமைகளில் நடந்தவையும் சேர்ந்து வியாழனுக்குப் போய்விடும். நீக்கிய நிகழ்வை கூகுள் காலண்டரின் குப்பைத்தொட்டியிலிருந்து ஏறத்தாழ முப்பது நாள்தான் மீட்க முடியும். நடக்காமல் போனதும் ஒரு செய்திதான். ஒப்பந்தக்காரர் எத்தனை முறை வருவதாகச் சொல்லி வராமல் இருந்தார் என்பதைக் கைபேசியிடம் கேட்டுப் பாருங்கள், பதில் இருக்காது. டைரியில் பேனாவால் குறுக்கே அடித்த வரி அங்கேயே இருக்கும், அடித்த எழுத்து படிக்கவும் முடியும்.

இந்த விஷயத்தில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது வழக்கறிஞர் அலுவலகங்களில் புழங்கும் டைரியிடம் என்பது என் உறுதியான கருத்து. அந்த டைரியின் பக்கத்தைப் பார்த்தால் முந்தைய தேதி, நீதிமன்றம், வழக்கு எண், கட்சிக்காரர்கள் பெயர், வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, அடுத்த தேதி என்று பத்திகள் பிரித்திருக்கும். வாய்தா வாங்கியதும் இன்றைய பக்கத்தில் அடுத்த தேதியை எழுதுவார்கள். உடனே அந்த அடுத்த தேதியின் பக்கத்தைத் திருப்பி வழக்கைக் குறித்து, முந்தைய தேதி என்ற பத்தியில் இன்றைய தேதியைப் போடுவார்கள். ஆக, ஒரு வழக்கின் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முன்னும் பின்னும் போக வழி இருக்கிறது. இப்போது நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் செயலியில், ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரும், எழுத்தும் எண்ணுமாகப் பதினாறு இடங்கள் கொண்ட சி.என்.ஆர். எண்ணைக் கொடுத்தால் அடுத்த விசாரணைத் தேதி தெரிந்துவிடுகிறது. ஆனாலும் பல அலுவலகங்களில் டைரி மேசையை விட்டு இறங்கவில்லை. வழக்கின் வரலாறு முழுவதும் அதில் வரிசையாக இருக்கிறது என்பதே காரணம்.

இந்த முறையை வீட்டுக்குக் கொண்டுவருவது எளிது. நாள் ஒன்றுக்கு ஒரு பக்கம் உள்ள டைரியில், மார்ச் 12 பக்கத்தின் மேல்பாதியில் முன்கூட்டியே இப்படி எழுதியிருக்கும்: "10.30 கண் – அப்பா. பழைய சீட்டு, கண்ணாடி எடுத்துச் செல்ல." திரும்பி வந்ததும் அதன் கீழே: "இடது கண்ணில் புரை இருக்கிறது, இன்னும் முற்றவில்லை. அறுவை சிகிச்சை இப்போது வேண்டாம். சொட்டு மருந்து மாற்றினார்கள், இரவில் மட்டும் ஒரு சொட்டு. ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். → செப். 12." அதே கையோடு செப்டம்பர் 12 பக்கத்தைத் திருப்பி, "கண் – அப்பா. ← மார்ச் 12" என்று போட்டுவிட வேண்டும். இரண்டு அம்புக்குறிகள், அவ்வளவுதான். செப்டம்பரில் மருத்துவர் "சொட்டு மருந்து எப்போது மாற்றினோம்?" என்று கேட்கும்போது பதில் ஒரே திருப்பலில் கிடைக்கும். ஓரத்தில் எழுதும் தலைச்சொல்லை மட்டும் மாற்றவே கூடாது. ஒருநாள் "கண்", மறுநாள் மருத்துவர் பெயர், இன்னொரு நாள் மருத்துவமனை பெயர் என்று எழுதினால் தேடுவது நரகம். கைபேசியில் எழுதுகிறவர்களுக்கும் இது பொருந்தும். தேடல் வசதி எவ்வளவு வேகமாக இருந்தாலும் நாம் எழுதிய சொல்லைத்தான் அது தேடும்.

நாள் பக்க டைரிக்குக் குறைகள் இல்லாமல் இல்லை. கனமானது, கைப்பையில் வைத்துக்கொண்டு அலைய முடியாது. பல டைரிகளில் சனிக்கும் ஞாயிறுக்கும் சேர்த்து ஒரே பக்கம்தான் ஒதுக்குகிறார்கள், விசேஷங்கள் நெருக்கியடித்து வருவதோ ஞாயிற்றுக்கிழமைகளில். டிசம்பரோடு அது முடிந்துவிடுவது இன்னொரு தொல்லை. அக்டோபரில் "ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்றால் ஏப்ரல் பக்கம் இன்னும் அச்சாகியே இருக்காது. இதற்குக் கடைசிப் பக்கங்களில் அடுத்த ஆண்டுக்கென்று ஒரு பட்டியல் தொடங்கி, புது டைரி வந்த அன்றே அதிலிருந்து எடுத்து எழுதிவிட வேண்டும். கடைகளும் வங்கிகளும் இலவசமாகத் தரும் டைரிகள் பாதிக்கு மேல் மெல்லிய தாளில் வருகின்றன. மை பேனாவால் எழுதினால் மறுபக்கம் ஊறுகிறது. பால்பாயின்ட் பேனாவே இதற்கு ஏற்றது. தண்ணீர் பட்டாலும் ஜெல் பேனா அளவுக்குக் கலையாது.

வார டைரி, அதாவது விரித்தால் இரண்டு பக்கத்தில் ஏழு நாளும் தெரிவது, வேறு வகை மனிதர்களுக்கானது. ட்யூஷன் எடுக்கும் ஆசிரியை, தையல் கடை நடத்துபவர், வீட்டு விசேஷங்களுக்குப் போகும் புரோகிதர், பிளம்பர் ஆகியோருக்கு ஒரு நாளைவிட ஒரு வாரம்தான் முக்கியம். புதன்கிழமை நிரம்பி வழிகிறது, வெள்ளி காலியாக இருக்கிறது என்பது ஒரே பார்வையில் தெரிந்தால்தான் வாடிக்கையாளரிடம் நேரம் சொல்ல முடியும். நடந்ததை எழுத ஒரு நாளைக்கு நான்கைந்து வரிதான் கிடைக்கும். "ரவிக்கை 2, அட்வான்ஸ் வாங்கியாயிற்று" என்ற அளவுக்கு அது போதும். மருத்துவர் சொன்னதை எழுத அது போதாது.

தேதி அச்சிடாத நோட்டில் நாமே தேதி போட்டு எழுதும் முறை, 2013-இல் ரைடர் கரோல் என்பவர் புல்லட் ஜர்னல் என்ற பெயரில் அறிமுகப்படுத்திய பிறகு உலகெங்கும் பரவியது. எழுத விரும்புகிறவர்களுக்கு இது நல்ல சுதந்திரம். ஒருநாள் நான்கு பக்கம், மறுநாள் ஒன்றுமில்லை. ஆனால் செப்டம்பர் 12-க்கென்று அதில் ஒரு பக்கம் இல்லை. வரப்போகும் தேதிகளுக்குத் தனியே ஒரு பட்டியல் வைத்து, மாதம் பிறக்கும்போதெல்லாம் அதிலிருந்து எடுத்து எழுத வேண்டும். ஒரு மாதம் விட்டால் ஒரு தவணை தவறும். மருத்துவமனை வேலை இருக்கும் வீட்டுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

சுவர்க் காலண்டரை யாரும் இந்தப் போட்டியில் சேர்ப்பதில்லை. எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை உண்டு. சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்றே அடுத்த ஆண்டுக் காலண்டர் மாதிரி ஆல்பங்களை வெளியிட்டுவிடுகிறார்கள். அந்த உழைப்பு வீட்டுச் சுவருக்கு வந்ததும் ஆணியடித்ததோடு நாம் மறந்துவிடுகிறோம். கைபேசி தொடாத பாட்டிக்கும், பள்ளிக்கூடம் போகும் பேரனுக்கும், சமையலுக்கு வரும் அம்மாவுக்கும் ஒரே நேரத்தில் தெரிவது அது ஒன்றுதான். பால் வராத நாளில் சுழியம், சிலிண்டர் மாற்றிய நாளில் "கேஸ்", மின்கணக்கு எடுத்த நாளில் அளவு என்று மாதக் காலண்டரின் கட்டங்களில் குறிக்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் உயிரோடு இருக்கிறது. இரண்டு "கேஸ்" குறிகளுக்கு நடுவே எண்ணிப் பார்த்தால் சிலிண்டர் எத்தனை நாள் வந்தது என்று தெரிந்துவிடும். ஆண்டு முடிந்ததும் அந்தத் தாள்களைச் சுருட்டி வைத்தால் அதுவே ஒரு கணக்குப் புத்தகம். தினசரிக் காலண்டரில் மட்டும் எதையும் எழுதக் கூடாது; மறுநாள் காலையில் கிழித்தால் எழுதியதும் போய்விடும்.

அந்தத் தினசரித் தாள் வேறொரு காரியத்துக்குத் தேவை. திதியும் நட்சத்திரமும் ஆங்கிலத் தேதியோடு ஒட்டி வருவதில்லை. தாத்தாவின் திதி ஐப்பசி வளர்பிறை சப்தமி என்றால், அது ஆண்டுக்கு ஆண்டு வெவ்வேறு தேதியில் விழும். கைபேசியில் "ஆண்டுதோறும்" என்று போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் அடுத்த ஆண்டு தவறான நாளில் நினைவூட்டல் வரும். நட்சத்திரப் பிறந்தநாளுக்கும் இதே கதை. புத்தாண்டு தொடங்கும்போது பஞ்சாங்கத்தையோ தினசரிக் காலண்டரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு, வீட்டில் பெரியவர்களையும் கேட்டு, அந்த ஆண்டுக்கான திதி நாட்களையும் முகூர்த்த நாட்களையும் டைரியில் ஒருமுறை எழுதிவிட வேண்டும். ராகு காலம் பார்க்கும் வீடாக இருந்தால் மருத்துவரிடம் நேரம் வாங்கும்போதே அதைக் கவனியுங்கள். வெள்ளிக்கிழமை 10.30 முதல் 12 வரை ராகு காலம்; நேரம் வாங்கிவிட்டுப் பிறகு அம்மா வர மறுத்தால் இரண்டு பக்கமும் சங்கடம்.

எது நீடித்து நிற்கும் என்ற கேள்வியில் இரண்டு தரப்புக்கும் அடி உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தள வீடுகளில் கீழ்த்தட்டில் இருந்த தாள்கள் கூழாகிப் போயின. கைபேசிப் பதிவு அப்படிப் போகாது. ஆனால் கணக்கின் சொந்தக்காரர் காலமாகிவிட்டால் கடவுச்சொல் தெரியாமல் குடும்பம் வெளியே நிற்கும். இரண்டு ஆண்டுகள் யாரும் பயன்படுத்தாத கணக்கை நீக்கலாம் என்ற விதியை கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. காகிதத்துக்கு அந்தத் தடை இல்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் எந்தக் கப்பல் வந்தது, யார் யாரைப் பார்க்க வந்தார், என்ன பேசினார்கள் என்பதெல்லாம் தேதியோடு இருக்கின்றன. அது 1846-இல் கண்டெடுக்கப்பட்டபோது படிக்கக் கண் மட்டுமே போதுமானதாக இருந்தது.

கண் மட்டும் போதும் என்பதிலேயே ஓர் அபாயமும் இருக்கிறது. மேசைமேல் கிடக்கும் டைரியை யாரும் புரட்டலாம். வீட்டு நடப்புக்கான டைரியில் மனக்கசப்புகளை எழுதாதீர்கள். அதற்குத் தனி நோட்டும் பூட்டிய அலமாரியும் வேண்டும். லண்டனில் 1660 முதல் 1669 வரை நாட்குறிப்பு எழுதிய சாமுவேல் பீப்ஸ் அதைச் சுருக்கெழுத்தில்தான் எழுதினார்.

வாடகை, கடன், கட்டட ஒப்பந்தம் போன்றவற்றில் அன்றன்றைக்கு எழுதிய குறிப்புக்குச் சட்டத்திலும் இடம் உண்டு. சம்பவம் நடந்தபோதோ, நினைவு பசுமையாக இருக்கையில் அதற்குப் பிறகு விரைவிலோ, தானே எழுதியதைப் பார்த்துச் சாட்சி தன் நினைவைப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 159-ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதிநியத்திலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. தேதி வாரியாகத் தொடர்ந்து எழுதிய டைரி, உதிரித் தாளைவிட நம்பத்தக்கதாகத் தோன்றுவது இயல்பு.

இனி என் தேர்வு. பெரியவர்களின் மருத்துவமும் வீட்டுப் பொறுப்பும் ஒருவர் கையில் இருந்தால், நாள் பக்க டைரிதான் தலைமைப் பதிவேடு. எல்லாத் தேதியும் முதலில் அங்கே போக வேண்டும். கைபேசிக்கு மணியடிக்கும் வேலையும், வெளியூரில் இருப்பவர்களுக்குத் தெரிவிக்கும் வேலையும் மட்டும் கொடுங்கள், விவரம் எழுதாதீர்கள், "கண் – அப்பா 10.30" என்பதோடு நிறுத்துங்கள். இரண்டிலும் தேதி முரண்பட்டால் டைரியில் இருப்பதே சரி என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவைக்க வேண்டும். நாள் முழுவதும் வெளியில் சுற்றி, நிமிடத்துக்கு ஒருமுறை நேரம் மாறும் தொழில் உங்களுடையது என்றால் இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள்: கைபேசி முதலில், வார டைரி துணைக்கு. அப்போதும் தள்ளிப்போன சந்திப்பை இழுத்துப் போடாமல், பழையதன் தலைப்பில் "நடக்கவில்லை" என்று எழுதிவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்கினால் பாதி வரலாறாவது தங்கும். தனியாக வாழ்ந்து, மாதத்துக்கு இரண்டு மூன்று சந்திப்பு மட்டுமே இருப்பவருக்கு டைரிகூடத் தேவையில்லை. மாதக் காலண்டரும் ஒரு பேனாவும் போதும்.

கடையில் டைரி வாங்கும்போது அட்டையைப் பார்த்து மயங்காமல் உள்ளே நான்கு இடங்களைத் திருப்பிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு முழுப் பக்கம் இருக்கிறதா? மேசையில் விரித்து வைத்தால் தானே மூடிக்கொள்ளாமல் தட்டையாகக் கிடக்கிறதா? கடைசியில் அடுத்த ஆண்டுக்கு எழுத நான்கைந்து வெற்றுப் பக்கங்கள் உண்டா? கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, கடைசிப் பக்கத்தின் மூலையில் உங்கள் பேனாவால் ஒரு கோடு போட்டு மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். கோடு ஊறித் தெரிந்தால் அந்த டைரி வேண்டாம்.